முதல் இரண்டு இரவு எந்தத் தண்ணீரில்? குடும்பத்தோடு துடுப்புப் பயணத்துக்கு நான்கு இடங்கள்

கோலாலம்பூரில் இருக்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இரண்டு பிள்ளைகள். நீச்சல் ஓரளவு தெரியும். புத்ராஜெயா ஏரியில் கயாக் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இப்போது கூடாரத்தையும் சமையல் சாமானையும் படகில் ஏற்றிக்கொண்டு, தாங்களே துடுப்பு வலித்துப் போய், காட்டோரக் கரையில் இரண்டு இரவு தங்கிவிட்டு வர ஆசைப்படுகிறார்கள். எங்கே போகலாம்?

விசாரித்தால் நான்கு பெயர்கள் வரும்: பகாங்கில் தாசேக் பெரா, திரங்கானுவில் கென்யிர் ஏரி, பேராக்கில் ரோயல் பெலும் காட்டோடு சேர்ந்த தெமெங்கோர் ஏரி, தாமான் நெகாராவின் தெம்பெலிங் ஆறு. நான்கும் காரில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன, நான்கும் அழகுதான். ஆனால் நான்கும் ஒரே வகைத் தண்ணீர் இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்னப் பிள்ளைகளோடு முதல் பயணம் என்றால் தாசேக் பெரா. தெமெங்கோரும் கென்யிரும் இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு, அதுவும் கூடவே ஒரு மோட்டார் படகு வரும் ஏற்பாட்டோடு. தெம்பெலிங்கில் துடுப்பு வலிப்பது பிள்ளைகள் பதின்ம வயதை எட்டிய பிறகு.

சீனி ஏரியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. தாமரைக்குப் பேர்போன அந்த ஏரியை 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆனால் 1990களில் கட்டிய தடுப்பணையும், சுற்றிலும் நடந்த சுரங்க வேலையும், காடழிப்பும் ஏரியைப் பாழாக்கிவிட்டன. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு மனசு கனத்துப் போகும். அது மீள வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். முதல் பயணத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

காற்றைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மில் பலர் காட்சியைப் பார்க்கிறோம், அப்புறம் தூரத்தைப் பார்க்கிறோம். துடுப்புப் படகில் பிள்ளையை உட்கார வைக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்று. ஒரு ஏரியில் காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை எழும். இருநூறு மீட்டர் அகலமுள்ள கால்வாயில் பலத்த காற்று அடித்தாலும் தண்ணீர் சிலிர்ப்பதோடு சரி. அதே காற்று ஐந்து கிலோமீட்டர் திறந்த நீர்ப்பரப்பைக் கடந்து வந்தால் மூட்டை ஏற்றிய படகுக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

அடுத்தது வேகம். இரண்டு பெரியவர்கள் மட்டும் என்றால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சாதாரணமாகப் போகலாம். சாமானும் பிள்ளையும் ஏறிய இரட்டை கயாக் மூன்று கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். எதிர்க்காற்று வந்தால் அதுவும் பாதியாகும். அதனால் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரிய பயணம்.

மூன்றாவது, இடி மின்னல். நம் நாட்டில் பெரும்பாலான மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மேகம் கூடி, மாலைக்குள் கொட்டித் தீர்க்கும். திறந்த ஏரியின் நடுவில் படகில் உட்கார்ந்திருப்பவர்தான் அந்த இடத்தில் மிக உயரமான பொருள். எனவே காலை ஏழு மணிக்குப் படகை இறக்கி, பன்னிரண்டு மணிக்குள் கூடாரம் அடித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கரையில் இருப்பது நேர விரயம் இல்லை. பிள்ளைகளுக்கு மீன் பிடிக்கவும் கதை கேட்கவும் சமைக்கவும் அதுதான் நேரம்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான்கு இடங்களும் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

தாசேக் பெரா

தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி இது. 1994 நவம்பரில், சதுப்புநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் நாட்டின் முதல் சதுப்புநிலமாகப் பதிவானது. ஏரி என்று சொன்னாலும் வட்டமான ஒரு பெரிய குளத்தைக் கற்பனை செய்யாதீர்கள். சதுப்புக்காடும், ரசாவ் என்னும் நீர்த்தாழைப் புதர்களும், இடையிடையே கிளை பிரிந்து ஓடும் குறுகிய நீர்வழிகளும் சேர்ந்ததுதான் பெரா. அங்கங்கே திறந்த நீர் வரும், மறுபடி தாழைக்குள் நுழையும். காற்று ஓடி வர இடமே கிடைக்காது. முதல் பயணத்துக்கு நான் பெராவைச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

தண்ணீர் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் இருக்கும். அழுக்கு என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். விழுந்த இலையும் கரிமண்ணும் ஊறி இறங்கிய சாயம் அது. கொஞ்சம் அமிலத்தன்மையும் உண்டு. வெள்ளைச் சட்டையைக் கொண்டு போகாதீர்கள். இந்தத் தண்ணீரில்தான் தோமான் என்னும் விரால் வகையும், கெலிசா மீனும் வாழ்கின்றன. காலை வேளையில் படகைச் சும்மா மிதக்க விட்டால் தாழை வேர்களுக்கிடையே மீன் குதிக்கும் சத்தம் கேட்கும்.

இரண்டாவது காரணம், அங்கே வாழும் மக்கள். செமெலாய் பூர்வக்குடியினர் தலைமுறை தலைமுறையாக இந்த நீரில் இருக்கிறார்கள். போஸ் இஸ்கந்தார் சுற்றுவட்டாரத்தில் அவர்கள் குடியிருப்புகள் இருக்கின்றன. பிரம்பு வெட்டுவது, கெருவிங் மரத்திலிருந்து எண்ணெய் எடுப்பது, மீன் பிடிப்பது எல்லாம் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். எந்த நீர்வழி எந்த மாதத்தில் தாழையால் அடைபடும், எந்த மேட்டில் இரவு தண்ணீர் ஏறாது என்பது அவர்களுக்குத் தெரியும். வரைபடத்தில் அது கிடைக்காது. கைப்பேசி வரைபடம் காட்டும் நீல நிறத்தை நம்பிப் போனால் புதருக்குள் மாட்டிக்கொள்வீர்கள். வழிகாட்டி இல்லாமல் பெராவுக்குள் போக வேண்டாம் என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

வழிகாட்டியை வயதுக்கேற்ப பாக் சிக் (மாமா) அல்லது அபாங் (அண்ணன்) என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள். பிள்ளைகளும் அப்படியே கூப்பிடட்டும். கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அவருடைய சிறிய மோட்டார் படகு சாமானைச் சுமந்துகொண்டு பின்னால் வரும்படி ஏற்பாடு செய்துகொண்டால், உங்கள் கயாக்கில் பிள்ளையும் தண்ணீரும் மட்டும் இருக்கும். சின்னவன் நடுவழியில் அழுதால் அந்தப் படகில் ஏற்றிவிடலாம். இப்படிச் செய்தால் அது சுத்தமான துடுப்புப் பயணம் இல்லை என்று சில நண்பர்கள் வாதாடுவார்கள். குடும்பப் பயணத்தில் பிள்ளை அடுத்த முறையும் வர ஆசைப்பட வேண்டும். எனக்கு அதுதான் கணக்கு.

பெராவின் குறைகளையும் சொல்ல வேண்டும். கொசு உண்டு. கரையில் அட்டை உண்டு. மணல் கரை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், குளித்து விளையாடத் தெளிந்த நீரும் இல்லை. வறண்ட மாதங்களில் சில வழிகள் ஆழமில்லாமல் போய் படகைத் தள்ள வேண்டி வரும். அருவி வேண்டும், மலை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு முதல் மணி நேரம் சலிப்பாக இருக்கலாம். தலைநகரிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். தெமர்லோ பக்கமாகவும் போகலாம், பாகாவ் பக்கமாகவும் போகலாம். கடைசி நகரத்திலேயே பெட்ரோலும் ஐஸும் வாங்கிவிடுங்கள்.

கென்யிரும் தெமெங்கோரும்: அணைக்கட்டு ஏரிகள்

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம், ஏனென்றால் துடுப்பு வலிப்பவருக்கு இரண்டிலும் ஒரே வகைச் சிக்கல்தான். கென்யிர், சுல்தான் மாமுட் மின்நிலையத்துக்காக அணை கட்டி 1980களில் உருவான ஏரி. தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய செயற்கை ஏரி என்று அதைச் சொல்வார்கள். 340 தீவுகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தனையும் ஒரு காலத்தில் குன்றுகளின் உச்சி. தெமெங்கோரும் அப்படித்தான் அணையால் உருவானது. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை பண்டிங் தீவில் ஏரியைக் கடக்கிறது. சாலைக்கு வடக்கே ரோயல் பெலும் மாநிலப் பூங்கா, 2007இல் அறிவிக்கப்பட்டது, 1,17,500 ஹெக்டேர். தெற்கே தெமெங்கோர் காடு.

அணைக்கட்டு ஏரியில் நீர்மட்டம் ஏறும், இறங்கும். இறங்கும்போது காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே செங்குத்தான செம்மண் சரிவு வெளிப்படும். மழை பெய்த மறுநாள் அதில் கால் வைத்தால் வழுக்கும். படகை எங்கே ஒதுக்குவது, இருபது கிலோ மூட்டையை எப்படி மேலே ஏற்றுவது, பாட்டி எப்படி இறங்குவார் என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி. கூடாரம் அடிக்கச் சமதளம் குறைவு. நீருக்கடியில் மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் கரையோரம் நிறைய இருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நீருக்கு மேலே நிற்கும் பட்ட மரங்களின் அடியில் படகைக் கட்டவே கூடாது. எப்போது எது முறிந்து விழும் என்று சொல்ல முடியாது.

அதோடு பரப்பு பெரிது. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகும்போது நடுவில் காற்று பிடித்துக்கொண்டால் பிள்ளைகளோடு திரும்பவும் முடியாது, முன்னேறவும் முடியாது. கென்யிரில் பெரிய மோட்டார் படகுகளும் ஹவுஸ்போட்டுகளும் ஓடுகின்றன. அவற்றின் அலை தாழ்வான கயாக்கைக் குறுக்கே தாக்கும். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் மூக்கை அதன் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிப் பழக்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் நான் இந்த ஏரிகளுக்கு ஆள் சேர்க்கவே நினைக்கிறேன். ஏனென்றால் சரியான முறையில் போனால் இவை தரும் மகிழ்ச்சி வேறு எங்கும் கிடைக்காது. சரியான முறை இதுதான்: ஹவுஸ்போட்டையோ, கரையோர முகாமையோ தாய்வீடாக வைத்துக்கொள்ளுங்கள். கயாக்குகளை மோட்டார் படகில் ஏற்றி ஏரியின் விரல்போன்ற நீண்ட நீர்க்கிளை ஒன்றுக்குள் கொண்டுபோய் இறக்குங்கள். அந்தக் கிளைக்குள் மட்டும் காலையில் துடுப்பு வலியுங்கள். திறந்த நீரை மோட்டாரில் கடந்துவிடலாம். கென்யிரில் லாசிர் அருவியும் பெவா குகையும் பிள்ளைகளை வாய் பிளக்க வைக்கும். தெமெங்கோரில் ரஃப்ளீசியா பூத்திருந்தால் வழிகாட்டி அழைத்துப் போவார். பெலும் காட்டில் பத்து வகை இருவாட்சிகள் இருக்கின்றன. அவை தலைக்கு மேல் பறக்கும்போது சிறகுச் சத்தமே தனியாகக் கேட்கும்.

இரண்டில் எது? ஹவுஸ்போட்டில் கழிப்பறையும் சமையலறையும் இருப்பதால், வயதானவர்களும் கைக்குழந்தையும் வரும் பெரிய குடும்பத்துக்குக் கென்யிர். ஆனால் அது கோலாலம்பூரிலிருந்து ஐந்தாறு மணி நேரம். விலங்குகளும் பறவைகளும்தான் முக்கியம், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டார்கள் என்றால் தெமெங்கோர். பினாங்கில் இருப்பவர்களுக்கு அது கிட்டத்தில் இருக்கிறது, பாலிங் வழியாகக் கெரிக் போய்விடலாம். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கோலகங்சாரில் இறங்கி, 2012இல் யுனெஸ்கோ உலக மரபிடமான லெங்கோங் பள்ளத்தாக்கு வழியாகப் போவார்கள். அங்கே கிடைத்த, வரலாற்றுக்கு முந்தைய பேராக் மனிதனின் எலும்புக்கூட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். ரோயல் பெலும் பூங்காவுக்குள் நுழைய முன்னனுமதி வேண்டும், அதைப் படகு ஏற்பாட்டாளர் மூலமாக வாங்குவது சுலபம். கெரிக்கைத் தாண்டிய நெடுஞ்சாலையில் யானைகள் கடக்கும். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்.

தெம்பெலிங் ஆறு

தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் காடு. கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து பூங்காவின் வாசலான கோலா தகானுக்கு நீண்ட மரப்படகில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போகும் பயணத்தைப் பல குடும்பங்கள் அனுபவித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இதே ஆற்றில் கீழ்நோக்கித் துடுப்பு வலித்து வந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றும். ஆசை நியாயமானது.

ஏரிக்கும் ஆற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஏரியில் துடுப்பை நிறுத்தினால் படகு நிற்கும். ஆற்றில் நீங்கள் நிறுத்தினாலும் ஆறு நிற்காது. விழுந்த மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து ஓடும், ஆனால் படகும் ஆளும் அதில் மாட்டிக்கொள்வார்கள். வேக ஓட்டத்தில் கவிழ்ந்த பெரியவருக்கே கால் முன்னால் நீட்டி, மல்லாந்து மிதந்து கரைக்கு ஒதுங்கப் பயிற்சி வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் வெள்ளம். மேலே மலையில் பெய்யும் மழை உங்கள் கூடாரத்துக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கோலா தகான் மூழ்கி, மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். சின்ன ஆறுகளில் இது இன்னும் கொடுமை, கெப்பாலா ஆயர் என்று எல்லாருக்கும் தெரிந்த அந்தத் திடீர் நீர்ப்பெருக்கு. தெளிந்த நீர் சட்டென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், மேலே இருந்து இரைச்சல் கேட்டால், செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டில் ஏற வேண்டும். ஆற்று நடுத்திட்டில் மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே கூடாரம் அடிக்காதீர்கள்.

தாமான் நெகாராவுக்குப் போங்கள், கட்டாயம் போங்கள். மோட்டார் வைத்த மரப்படகில், உள்ளூர் படகோட்டியோடு போங்கள். பாறைகளுக்கிடையே நீர் பாயும் லாத்தா பெர்கோ வரை போய்ப் பாறை மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுங்கள். துடுப்பு மட்டும் காத்திருக்கட்டும்.

கடல்?

பினாங்கு தேசியப் பூங்காவைச் சொல்லாமல் விட்டால் வடக்கே இருக்கும் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தெலுக் பஹாங்கிலிருந்து கிளம்பிப் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் போடுவது நல்ல அனுபவம். ஆமைகள் முட்டையிடும் கரை அது, இரவில் டார்ச் அடிக்கக் கூடாது. ஆனால் பிள்ளைகளோடு கயாக்கில் போக மூக்கா ஹெட் முனையைச் சுற்ற வேண்டும். அங்கே திறந்த கடல், ஓதம், ஜெல்லிமீன். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று திடீரென்று வரும். காட்டுவழி நடந்தோ மோட்டார் படகிலோ போகலாம்.

எந்தப் படகு

நம் ஊரில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குகள்தான். கவிழ்ந்தாலும் தண்ணீர் உள்ளே தேங்காது, திருப்பிப் போட்டு ஏறிவிடலாம், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. சாமான் வைக்க இடம் குறைவு, பின்பக்கம் எப்போதும் ஈரம். திறந்த கேனோ கிடைத்தால் குடும்பத்துக்கு அதுவே மேல். இரண்டு பெரியவர்கள் முனைகளில் உட்கார, பிள்ளைகள் நடுவில், மூட்டையும் உள்ளேயே. ஆனால் காற்றில் அதன் உயர்ந்த பக்கங்கள் பாய்மரம்போல் ஆகிவிடும். அதனால் பெராவுக்குக் கேனோ, கென்யிருக்குக் கயாக் என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றடைத்த மடக்குப் படகை வாங்கி காரின் பின்பெட்டியில் போட்டுக்கொள்ளலாமே என்று பலருக்கு ஆசை. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அது வசதிதான், எனக்குப் புரிகிறது. புத்ராஜெயாவுக்குத் தாராளமாகக் கொண்டு போங்கள். பெராவின் ரசாவ் இலை ஓரங்களில் முள் உண்டு. கென்யிரில் மூழ்கிய கட்டைகள். காட்டு நீரில் அதை நான் நம்ப மாட்டேன்.

உயிர்காப்பு அங்கியில் மட்டும் சமரசம் வேண்டாம். வாடகைக்காரர் தரும் பெரியவர் அங்கியைப் பிள்ளைக்கு இறுக்கிக் கட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்று போகும். எடைக்கேற்ற பிள்ளை அளவு, தலையைத் தாங்கும் காலர், தொடைக்கு நடுவே போகும் பட்டை, மூன்றும் இருக்க வேண்டும். தோள் பட்டையைப் பிடித்துப் பிள்ளையைத் தூக்கிப் பாருங்கள். அங்கி மட்டும் மேலே வந்தால் அது உதவாது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொந்தமாகவே வாங்கிவிட்டோம்.

இதை இவ்வளவு வற்புறுத்த ஒரு காரணம் உண்டு. நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆற்றில் நீந்திப் பழகினார்கள். ஈயச் சுரங்கக் குட்டைகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளும் அதே காலத்தில் இருந்தன. நகரத்துக்கு வந்த பிறகு, தண்ணீர்ப் பக்கம் போகாதே என்ற எச்சரிக்கை மட்டும் நம்மோடு வந்தது, நீச்சல் வரவில்லை. பிள்ளையைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைப்பது பாதுகாப்பு இல்லை. என்றாவது ஒரு பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கத்தான் போகிறது. அதற்குள் நாம் கூடவே இருந்து கற்றுக்கொடுத்துவிட வேண்டும். பயணத்துக்கு முன்பு ஒரு நாள் ஏரிப் பூங்காவில், உடுத்திய உடையோடு, அங்கியோடு, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துப் பழகுங்கள். முதல் முறை அழுவார்கள், மூன்றாம் முறை இன்னொரு தடவை என்று கெஞ்சுவார்கள்.

எப்போது

பள்ளி விடுமுறையோடு பருவமழை மோதுவதுதான் நம் தலைவலி. ஆண்டிறுதி விடுமுறையில்தான் எல்லாருக்கும் நேரம் கிடைக்கும், அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் கொட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கென்யிர் வேண்டாம். பெராவும் அந்த மாதங்களில் நிரம்பி, தங்கும் மேடுகள் முழுகும். தீபாவளி விடுமுறை இரு பருவங்களுக்கு நடுவே விழும், மாலை இடி கட்டாயம். நான்கு இடங்களுக்குமே ஜூன் முதல் ஆகஸ்டு வரை பொருத்தமான காலம். அந்தக் காலத்தில் ஒரு நீண்ட வார இறுதி அமைந்தால், ஒரு நாள் லீவு போட்டாவது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூட்டையும் சோறும்

தண்ணீரின் எடையை மறந்துவிடுவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கவும் சமைக்கவும். இரண்டு இரவு என்றால் மூன்று நாள், நான்கு பேருக்கு 36 லிட்டர், அதாவது 36 கிலோ. ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாத்திரம் கழுவலாம், பெராவில் கொதித்தாலும் நிறம் போகாது. சாமானை எல்லாம் நீர்புகாப் பைகளில் போட்டுப் படகோடு கட்டுங்கள். கைப்பேசிக்கு இரட்டைப் பை.

முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறு, அவித்த முட்டை. புளிச்சோறு கெடாது, சூடாக்க வேண்டாம், கையில் எடுத்துச் சாப்பிடலாம். இரவுக்கு நெத்திலிச் சம்பலும் சுடுசோறும். சம்பலை வீட்டிலேயே எண்ணெய் மிதக்க வதக்கி டப்பாவில் அடைத்தால் இரண்டு நாள் தாங்கும். சைவக் குடும்பம் என்றால் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் போதும். மேகி அவசரத்துக்கு மட்டும். கேஸ் அடுப்பு கொண்டு போங்கள், ஈர விறகோடு மாலை முழுவதும் போராட வேண்டாம். மிச்சத்தைக் கரையில் கொட்டினால் இரவில் காட்டுப்பன்றி வரும், காலையில் குரங்கு வரும். எல்லாவற்றையும் கட்டித் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பெண்கள் கேட்கத் தயங்கும் ஒன்று, கழிப்பறை. பதில் நேராகவே இருக்கட்டும்: ஹவுஸ்போட்டில் உண்டு, காட்டுக் கரையில் இல்லை. நீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, மூடிவிட வேண்டும். ஒரு தார்ப்பாயும் கயிறும் சேர்ந்தால் மறைப்பு தயார். சானிட்டரி பேட் போன்றவற்றைப் புதைக்காமல் தனிப் பையில் திரும்பக் கொண்டு வாருங்கள். இரவில் துணை இல்லாமல் யாரும் போக வேண்டாம். மாமியாரோ அம்மாவோ வருவதாக இருந்தால், தங்குமிடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை உள்ள வழியாகப் பார்த்துப் போகும்படி வழிகாட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன், எந்தத் துறையில் இறங்குகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். பெராவிலும் பெலும் உள்ளேயும் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

திரும்பி வந்த பிறகும் ஒன்று கவனிக்க வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நம் நாட்டில் இருக்கிறது. காலில் புண் இருந்தால் நீர்புகாக் கட்டு போட்டுக்கொண்டு இறங்குங்கள். வந்து சில வாரங்களுக்குள் பிள்ளைக்கோ உங்களுக்கோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கிளினிக்கில் டாக்டரிடம் ஏரியில் இருந்துவிட்டு வந்தோம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் டிங்கியை மட்டும்தான் சந்தேகப்படுவார்.